உப்புக்கு எது, பெட்டிக்கு எது



வீட்டில் டீப் ஃப்ரீசர் வாங்கலாமா, வாங்கினால் எப்படி வைத்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். கொஞ்ச காலம் முன்புவரை அந்தப் பெட்டியை நாம் கடைகளில்தான் பார்த்தோம். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் கொடுத்து வைத்திருப்பார்கள். இப்போது நூறு லிட்டர் பெட்டி மாதத் தவணையில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இந்தப் பெட்டிக்கு என்ன வேலையோ, அதே வேலை நம் அனுமந்தைக் கரையில் கிடையாது. வடக்கே கொஞ்ச தூரம் போனால் மரக்காணம் உப்பளம். கிழக்கே கடல். மீன் கெடாமல் இருக்க இந்தக் கரைக்குப் பரம்பரையாக ஒரு வழி இருக்கிறது. பெட்டி அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் இரண்டாவது வழி. எதை உப்பில் போடுவது, எதைப் பெட்டியில் போடுவது என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் பயன்படும். பிரிக்காமல் எல்லாவற்றையும் பெட்டியில் திணித்தால் கரண்டுக் காசும் போகும், மீனும் போகும்.

குளிர் என்பது ஒரு காலத்தில் இந்தக் கரைக்குக் கப்பலில் வந்த சரக்கு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகம் சுற்றி அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. 1833இல் கல்கத்தாவுக்கு அவருடைய முதல் சரக்கு வந்து சேர்ந்தது. 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழும்பியது. ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் வெள்ளைக்காரத் துரைமாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. மீனுக்குப் போகவில்லை. மீனுக்கு உப்பு இருந்தது.

உப்பு என்ன செய்கிறது? மீனில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. மிஞ்சும் தண்ணீரைக் கிருமிகள் பயன்படுத்த முடியாதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு, பிறகு நல்ல வெயில். அவ்வளவுதான் செலவு. குளிர் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. தண்ணீரை இழுக்காமல் இருந்த இடத்திலேயே கட்டியாக்கிவிடுகிறது. மீன் மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியில் உறையத் தொடங்கும். மைனஸ் 5 ஆகும்போது அதன் தண்ணீரில் முக்கால்வாசி கட்டியாகியிருக்கும். இந்த நாலு டிகிரியை மீன் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் மைனஸ் 40 டிகிரித் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி, சில மணி நேரத்தில் உறைய வைக்கிறார்கள். பனித்துகள் பொடிப்பொடியாக விழும், சதை அப்படியே இருக்கும். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாக வளர்ந்து சதையின் அறைகளைக் கிழித்துவிடும். பிறகு வெளியே எடுத்து வைத்தால் தண்ணீராக ஒழுகும். குழம்பில் போட்டால் சக்கை.

வீட்டுப் பெட்டி மைனஸ் 18 டிகிரியில் நிற்கும். உறைந்ததை உறைந்தபடி வைத்திருப்பதற்கு அது கெட்டிக்காரப் பெட்டி. புதிதாக உறைய வைப்பதில் சுமார்தான். அதனால் ஒரே நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புதுச் சரக்கு ஏற்றாதீர்கள். நூறு லிட்டர் பெட்டியில் ஒழுங்காக அடுக்கினால் நாற்பது கிலோவுக்குக் கிட்ட மீன் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு நாலு கிலோ. விலை கிடைக்காத அன்றைக்கு விற்காத கூடையை அப்படியே கொண்டுவந்து கொட்டினால், உள்ளே ஏற்கெனவே உறைந்திருக்கும் மீனும் சூடேறி இளகும். புதியதும் பழையதும் சேர்ந்து பாழாகும்.

இப்போது பிரிவினைக்கு வருவோம். நெத்திலி, காரப்பொடி, வாளை, சுறா இவை உப்புக்கும் வெயிலுக்கும் உரியவை. பெட்டியில் வைத்தால் இடத்தை அடைக்குமே தவிர ருசி கூடாது. நெத்திலியை உறைய வைத்து எடுத்தால் வயிறு உடைந்து கூழாகிவிடும். அதுவே கருவாடானால் ஒரு வருஷம் கழித்தும் பழைய சோற்றுக்குத் துணை. சங்கரா, கொடுவா, இறால், நண்டுச் சதை, கணவாய் இவை பெட்டிக்கு. கொழுப்புக் குறைந்த சங்கராவும் கொடுவாவும் நாலைந்து மாதம் தாங்கும். வஞ்சிரத் துண்டை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

மத்தியும் கானாங்கெளுத்தியும் தகராறு பிடித்தவை. அவற்றில் எண்ணெய் அதிகம். மைனஸ் 18 டிகிரியிலும் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கடித்துப் போகும். கிருமி வளராது, ஆனால் வாடை வரும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காத மீனாக அது மாறுவது அங்கேதான். என்னைக் கேட்டால் மத்தியை வாங்கின அன்றே சாப்பிட்டு முடிப்பதே மரியாதை.

இதே மீன்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம், மத்தி, இந்தக் கூட்டத்து மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. செத்த மீன் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்லிவிடுவோம். பல சமயம் ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நம் ஊர் வெயிலில், மீன் செத்த ஆறு மணி நேரத்துக்குள் அதை ஐஸில் போட்டாக வேண்டும். அதனால் பெட்டி வேலையைத் தொடங்குவது வீட்டில் அல்ல, படகில். ஃபைபர் படகில் போகும்போது தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸ் கொண்டுபோங்கள். மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு, கிலோவுக்குக் கிலோ. ஐஸ் காசு மிச்சம் என்று நினைத்தால் அந்த மிச்சத்தைப் பிறகு ஃப்ரீசர் திருப்பித் தராது. உள்ளே போகும்போது மீன் எப்படி இருந்ததோ, அதற்கு மேல் ஒரு படி நல்லதாக வெளியே வராது.

இனி அடுக்கும் முறை. சங்கராவை எடுத்துக்கொள்வோம். செதில், செவுள், குடல் மூன்றையும் எடுத்துவிட்டு, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டையும் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறோம், நாற்றம் தொடங்குவது அங்கேதான். ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவை ஒரு பையில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டையாகப் பரப்புங்கள். வாயைப் பிடித்துக்கொண்டு பையை ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். தண்ணீர் நெருக்க நெருக்கக் காற்று தானாக மேலே வெளியேறும். வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும்போது முடிச்சுப் போடுங்கள். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பையின் மேல் தேதி எழுதுங்கள். எழுதாத பை மூன்று மாதம் கழித்து எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். அன்று இரவு பையைப் பெட்டியின் பக்கச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். குளிர் வரும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. மறுநாள் கல்லானதும் கீழே அடுக்கிக்கொள்ளலாம்.

இறாலுக்குத் தலையைக் கிள்ளிவிட்டு உறைய வையுங்கள். தலையில்தான் கருப்பு ஏறும். ஒரு டப்பாவில் போட்டு, முழுகும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி, கட்டியாக்கிவிடுங்கள். காற்று படாத மீனில் வெள்ளைத் திட்டு விழாது. அந்த வெள்ளைத் திட்டு பூஞ்சை என்று பயப்படுகிறார்கள். அது மீனின் ஈரம் பெட்டிக்குள்ளேயே உலர்ந்துபோன இடம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மரத்தூள் மாதிரி இருக்கும், அவ்வளவே.

உப்புப் பக்கமும் ஒரு வார்த்தை. கருவாட்டில் சில நேரம் இளஞ்சிவப்பாகப் படரும், கவனித்திருப்பீர்கள். வெயில் காலத்தில் உப்பளப் பாத்தியில் தண்ணீர் சிவப்பாக நிற்கிறதே, அதே கூட்டத்துக் கிருமிதான். உப்பே அதற்கு உணவுத் தட்டு. புது உப்பைப் பல மாதம் காய வைத்துப் பழையதாக்கிப் பயன்படுத்தினால் அது குறையும். மணலில் பரப்பாமல் கட்டில் போட்டு வலையில் காய வைத்தால் இன்னும் நல்லது.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? மேலே திறக்கும் பெட்டியைத்தான் வாங்குங்கள். குளிர்ந்த காற்று கனமானது. கிணற்றில் தண்ணீர் மாதிரி உள்ளேயே நிற்கும், மூடியைத் திறந்தாலும் வழிந்து ஓடாது. பக்கக் கதவு வைத்த ஃப்ரீசரைத் திறந்தால் அது உங்கள் காலில் கொட்டிவிடும். பெட்டியின் வெளிச் சுவர் தொட்டால் சூடாக இருக்கிறது என்று பழுதுபார்ப்பவரைக் கூப்பிடாதீர்கள். உள்ளே இருந்து எடுத்த சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதற்குச் சுற்றிலும் நாலு விரற்கடையாவது இடம் விட்டு வையுங்கள். துணிமூட்டை சாத்தி வைக்காதீர்கள்.

நம் கரைக்கு உரிய எதிரி உப்புக் காற்று. தாழ்வாரத்தில் கடலைப் பார்த்து வைத்த பெட்டியின் அடித்தகடும் கீலும் முதலில் துருப்பிடிக்கும், பிறகு கம்ப்ரஸர் பக்கத்து ஒயர் முனைகள் பச்சை பூக்கும். செங்கல்லோ மரக்கட்டையோ கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, உள்ளறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடையுங்கள். ஈரக் கையும் மீன் கையுமாகத் தொடும் பெட்டி இது. எர்த் உள்ள மூன்று முனைப் பிளக், அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், இரண்டையும் போடாமல் பெட்டியை ஓட்டாதீர்கள். பெட்டி வாங்கக் கடன் வாங்குகிறவர்கள் இந்தச் சுவிட்சுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை.

சுவரில் பனி விரல் கனத்துக்கு ஏறினால் பெட்டியை நிறுத்தி, காலி செய்து, மூடியைத் திறந்து வைத்து உருகவிடுங்கள். கத்தி, அருவாள், கரண்டிக் காம்பு எதையும் கொண்டு குத்தாதீர்கள். இப்போது வரும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஆர் 600ஏ என்ற வாயு. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குச் சொந்தக்காரன். அளவு சில பத்து கிராம்தான், ஆனால் தீப்பற்றும். குழாயில் ஓட்டை விழுந்து ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் சுவிட்சைத் தொடாமல், அடுப்பை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கரண்டு கணக்கு பலரும் கேட்பது. நூறு லிட்டர்ப் பெட்டி வெயில் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு அறுபது. நூறு யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல் பெட்டி மட்டுமே சாப்பிட்டுவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஐந்நூறு என்ற கோடு. இரண்டு மாதப் பயன்பாடு அதைத் தாண்டினால் கீழ்ப்படிக்கான சலுகை விலையும் போய், கட்டண அட்டவணையே மாறிவிடும். ஏற்கெனவே நானூற்று அறுபது, எழுபதில் நிற்கும் வீட்டுக்குப் பெட்டியின் உண்மையான செலவு அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் தெரியும். வாங்கும் முன் பழைய பில்லைப் பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும், நட்சத்திரத்தைவிட அந்த எண்ணைப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பாக்கெட் ஐஸ் போட்டு விற்கலாம், மீன் வைத்து விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தேவையென்றால் வணிக இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அபராதக் கணக்குப் போடுவார்கள்.

அடுத்தது புயல். 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். மூன்றும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரை ஏறின. மூன்றிலும் மின்கம்பம் சாய்ந்தது, விளக்கு அணைந்தது. முழுதாக நிரம்பிய பெட்டி, மூடியைத் திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் தாங்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் அந்தக் கணக்கும் இல்லை.

இங்கேதான் மரக்காணம் உப்பு திரும்ப வேலைக்கு வருகிறது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில் உறைய வைக்கச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் வெறும் பனிக்கட்டி உருகுவது பூஜ்யம் டிகிரியில். அது உருகத் தொடங்கும்போது பக்கத்தில் இருக்கும் மீன் ஏற்கெனவே இளகி முடித்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் கல்லுப்புக் கரைத்து, பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி வையுங்கள். உறையும்போது விரியும் என்பதால் அந்தக் கால் பங்கு இடம் வேண்டும். இந்த உப்புத் தண்ணீர் மைனஸ் 6 டிகிரி வாக்கில்தான் உறையத் தொடங்கும். கரண்டு போனபின் அது முழுதாக உருகி முடியும்வரை சுற்றியிருக்கும் மீனை மைனஸ் 6க்குக் கீழேயே பிடித்து வைக்கும். தொட்டால் கொஞ்சம் கூழாக இருக்கும், அது தப்பில்லை. உப்பை இன்னும் கூட்டினால் வீட்டுப் பெட்டியில் பெரும்பகுதி உறையாது. பாட்டில் மேல் ‘உப்பு’ என்று பெரிதாக எழுதிவையுங்கள், தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவைப்பார்கள். முன்பு கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளியைச் சுற்றி ஐஸும் கல்லுப்பும் கொட்டினார்களே, அதுவும் இதே கணக்குதான்.

கரண்டு வந்ததும் உடனே போடாதீர்கள். ஐந்து நிமிஷம் கம்ப்ரஸருக்கு ஓய்வு கொடுங்கள். தாமதித்துப் போடும் ஸ்டெபிலைஸர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். மீனைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் இன்னும் பனி கடகடத்தால் திரும்ப உறைய வைக்கலாம், ருசி ஒரு படி குறையும். மெத்தென்று ஆகிவிட்டதா, குளிர்ச்சி இருக்கும்போதே சமைத்துவிடுங்கள், அல்லது வெட்டி உப்பில் போடுங்கள். சூடாகவே ஆகிவிட்டதென்றால் குழியில் போட்டு மூடுங்கள். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே பெட்டிக்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகு போகும் என்றாலும் சந்தையில் மீன் விலை ஏறும். பங்குனியில் மீன் மலிவாக வரும்போது பெட்டியை நிரப்பி, தடைக்காலத்தில் எடுத்துச் சாப்பிடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் பெட்டி பாதிக்கு வந்துவிட வேண்டும், மீதி இடத்தில் உப்பு பாட்டில் ஏற வேண்டும். மழைக் காலத்தில் நாற்பது கிலோ வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு வானிலை அறிக்கை கேட்பது நிம்மதியான வாழ்க்கை இல்லை.

வீட்டுச் சாப்பாட்டுக்கு நூறு லிட்டர் போதும். வியாபாரத்துக்கு அது போதாது, இருநூறும் போதாது. விற்காத மீனைச் சேர்த்து வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி வாங்குவதைவிட, ஏலம் நடக்கும் கரையிலேயே நிழலும் நல்ல தண்ணீரும் சுத்தமான ஐஸும் இருந்தால் மீன் அன்றைக்கே நல்ல விலைக்குப் போகும். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் பெட்டி வைத்த வண்டி எல்லாவற்றுக்கும் மானியம் வைத்தார்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு, மற்றவர்களுக்கு 40. இப்போது எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தனித்தனியாகப் போகாதீர்கள், குழுவாகப் போங்கள். அடுத்த கிராம சபையில் கரைக்கு ஐஸ் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதன் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.